கரண்ட் வைத்த வாய்க்கு எதைக் கொப்பளிப்பது?

வாய், தொண்டை, குரல்வளைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுப்பதை நம் ஊரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்கிறார்கள். கரண்ட் வைக்கத் தொடங்கி மூன்றாவது வாரம் பிறந்துவிட்டால் காத்திருப்புக் கூடத்தில் எல்லோருக்கும் ஒரே பேச்சுதான். “வாய் வெந்துபோச்சுங்க, தண்ணிகூட இறங்க மாட்டேங்குது. எதால கொப்பளிச்சா ஆறும்?” ஒருவர் உப்புத் தண்ணீர் என்பார். இன்னொருவர் தேன் என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா மஞ்சள் என்பார். மருந்துக்கடைக்காரர் பளபளப்பான நிறத்தில் ஒரு புட்டியை எடுத்து நீட்டுவார். இந்தக் கேள்விக்கு விடை தேடி உலகெங்கும் பல பத்தாண்டுகளாக ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றில் எது தேறியது, எது தேறவில்லை என்று ஒழுங்காகப் பார்த்துவிட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். எனக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. என் பெரியப்பா இந்தப் புண்ணோடு பட்டபாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

இந்தியாவில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது உதடு, வாய்ப் பகுதிப் புற்றுநோய். புகையிலை ஒரு காரணம். பாக்கும் தன்னளவிலேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கை சொல்லிவிட்டது. நோய் முற்றிய நிலையில் வருகிறவர்களே இங்கு அதிகம் என்பதால், அறுவை சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் பெரும்பாலோருக்குக் கதிர்வீச்சு தேவைப்படுகிறது. ஆகவே இந்த வாய்ப்புண் நம் வீடுகளின் பிரச்சினை. வேறெங்கோ யாருக்கோ வருகிற அரிய நோய் அல்ல.

முதலில், புண் எப்படி வருகிறது? கதிர்வீச்சைக் கிரே என்ற அலகால் அளக்கிறார்கள். வழக்கமான சிகிச்சையில் நாளுக்கு 2 கிரே, வாரத்துக்கு 5 நாள், ஆறு அல்லது ஏழு வாரம். மொத்தம் 60 முதல் 70 கிரே. வாயின் உட்புறச் சவ்வு ஓயாமல் தேய்ந்து, ஓயாமல் புதிதாக வளர்ந்துகொண்டே இருப்பது. ஒன்றிரண்டு வாரத்தில் மேல்தோல் முழுக்க மாறிவிடும். கதிர் அந்த வளர்ச்சிக்கு ஊற்றான அடி உயிரணுக்களைத் தாக்கும்போது தேய்மானம் தொடர்கிறது, வளர்ச்சி நின்றுபோகிறது. அதனால்தான் முதல் வாரத்தில் ஒன்றும் தெரிவதில்லை. இரண்டாவது வாரத்தில் சிவக்கிறது, மூன்றாவது வாரத்தில் புண்ணாகிறது, ஐந்தாவது ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகிறது. சிகிச்சை முடிந்த பிறகும் ஆற இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கிறது.

ஆனால் கதை இவ்வளவோடு முடியவில்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரைச் சேர்ந்த பல் மருத்துவ ஆய்வாளர் ஸ்டீபன் சோனிஸ், புண் கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே சவ்வுக்கு அடியில் அழற்சி பற்றிக்கொள்கிறது என்று விளக்கினார். கதிர் பட்ட உயிரணு டி.என்.எஃப். ஆல்பா, இன்டர்லூக்கின் போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கிறது. அவை பக்கத்துத் திசுக்களையும் தூண்டிவிட, அழற்சி தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது. சவ்வு கிழிந்து புண்ணான பிறகுதான் வாயில் இருக்கும் கிருமிகள் உள்ளே புகுந்து நிலைமையைக் கெடுக்கின்றன. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த வாய்க்கழுவி ஜெயித்தது, எது தோற்றது என்பதற்கான விளக்கம் முழுக்க இதற்குள்தான் இருக்கிறது.

பெரியப்பாவுக்கு அது மூன்றாவது வாரம். பெரியம்மா ரசத்தை வடிகட்டி, ஆறவைத்து, டம்ளரில் கொடுத்தாள். ஒரு வாய் வைத்தவர் கண் கலங்கிப்போய் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “மிளகுகூடப் போடலைங்களே” என்றாள் பெரியம்மா. டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது கன்னத்தின் உட்புறம் பாலாடை படிந்ததுபோல் வெளுத்திருந்தது. விளிம்பெல்லாம் செக்கச்செவேல் என்று இருந்தது. அன்று சாயங்காலம் பக்கத்துக் கடையில் வாய்ப்புண்ணுக்கு என்று கேட்டு வாங்கி வந்த வாய்க்கழுவியில் ஆல்கஹால் இருந்தது. லேபிளைப் படிக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு மூடி ஊற்றிக்கொண்டவர் துடித்துப்போனார். ராத்திரி முழுக்கச் சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. காலையில், “இனிமே கரண்ட்டுக்கு வரமாட்டேன்” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் இந்தப் புண்ணின் உண்மையான ஆபத்து இருக்கிறது. வலி பெரிது, எடை குறைவது பெரிது, மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி ஊற்றுவது பெரிது. எல்லாவற்றையும்விடப் பெரிது சிகிச்சை இடையில் நிற்பது. தலை, கழுத்துப் புற்றுநோய் உயிரணுக்கள் சிகிச்சையின் பிற்பகுதியில் வேகமாகப் பெருகத் தொடங்கும் இயல்புடையவை. சிகிச்சை தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு சதவீதமோ அதற்கு மேலோ குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு வாரம் நின்றால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். எனவே ஒரு வாய்க்கழுவியைப் பார்த்து ‘புண்ணை ஆற்றுமா’ என்று கேட்பதோடு, ‘நோயாளியை நாளைக்கும் கரண்ட் வைக்கும் மேஜையில் படுக்கவைக்குமா’ என்றும் கேட்டாக வேண்டும். என் அளவுகோல் இரண்டாவது கேள்விதான்.

பெரியப்பாவைச் சமாதானப்படுத்திக் கூட்டிக்கொண்டு போன அன்று ஒரு செவிலியர் எங்களை ஓரமாக அழைத்தார். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் காட்டினார். “கொதிக்க வெச்சு ஆறின தண்ணி. இதுல ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா. வாஷிங் சோடா இல்லம்மா, ஆப்பத்துக்குப் போடுறது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. காறித் துப்பாம, வாய்க்குள்ள மெதுவா அலசித் துப்பச் சொல்லுங்க. காலையில கலக்குனதை ராத்திரி கொட்டிடுங்க.” அவ்வளவுதான். ஒரு நாள் செலவு ஐந்து ரூபாய்கூட வராது.

இந்தக் கலவையைப் பற்றி மருத்துவ நூல்கள் பெரிதாகப் பேசுவதில்லை. புண்ணைத் தடுக்கும் என்றோ ஆற்றும் என்றோ நிரூபணம் கிடையாது. அப்படியிருந்தும் புற்றுநோய்த் துணைப் பராமரிப்புக்கான பன்னாட்டுச் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளில், உப்பு நீரும் சோடா நீரும் உதவக்கூடும் என்று நிபுணர்களின் கருத்தாகச் சொல்லியிருக்கிறார்கள். காரணம் எளிது. கதிர்வீச்சால் உமிழ்நீர் சுரப்பிகள் வறண்டு, எச்சில் பசைபோல் கெட்டியாகிவிடுகிறது. வாயில் அமிலம் ஏறுகிறது. சோடா அமிலத்தைத் தணிக்கிறது, பசையை இளக்குகிறது. உப்பு நீர் உணவுத் துணுக்கையும் உதிர்ந்த சவ்வையும் கழுவிக்கொண்டு போகிறது, எரிவதில்லை. அமெரிக்காவில் மேரிலின் டாட் என்ற செவிலியப் பேராசிரியரின் குழு 2000-இல் கீமோதெரபியால் புண் வந்தவர்களிடையே மூன்று வாய்க்கழுவிகளை ஒப்பிட்டது. உப்பு-சோடா, கிருமிகொல்லியான குளோர்ஹெக்சிடின், வலியை மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் கலந்த ஒரு கலவை. மூவகையினருக்கும் புண் ஆறிய காலத்தில் வேறுபாடே இல்லை. பயன் ஒன்றானால் விலை குறைந்ததை எடுங்கள் என்று அவர்கள் முடித்தார்கள். அந்த ஆய்வில் மூன்று குழுக்களுக்குமே பல் துலக்குவதிலிருந்து கொப்பளிப்பதுவரை ஒரே ஒழுங்கைக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, நாளுக்கு எத்தனை முறை அலசுகிறோம் என்பதே முக்கியம் என்று நான் புரிந்துகொண்டது அங்கிருந்துதான்.

அழற்சியையே நேரடியாகத் தணிக்கும் வாய்க்கழுவி ஒன்று உண்டா? உண்டு. பென்சிடமின். இத்தாலியின் ஆஞ்செலினி நிறுவனம் 1960-களில் கண்டுபிடித்த மருந்து இது. நம் கடைகளில் டான்டம் என்ற பெயரில் பலரும் பார்த்திருப்பார்கள். தொண்டை வலிக்கு எழுதித் தருவார்கள். இது டி.என்.எஃப். ஆல்பா போன்ற அழற்சிப் பொருள்கள் சுரப்பதைக் குறைக்கிறது, கொஞ்சம் மரத்துப்போகவும் செய்கிறது. சோனிஸ் சொன்ன வரிசையில் தொடக்கத்திலேயே கைவைக்கிறது என்பதுதான் இதன் சிறப்பு. ஜோயல் எப்ஸ்டீன் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில் 172 பேர் கலந்துகொண்டார்கள். 50 கிரே வரையிலான காலத்தில், வெறும் திரவம் கொப்பளித்தவர்களைவிடப் பென்சிடமின் கொப்பளித்தவர்களுக்குச் சிவப்பும் புண்ணும் ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. புண்ணே வராதவர்கள் பென்சிடமின் குழுவில் 33 சதவீதம், மற்றதில் 18. தெஹ்ரானில் கசேமியன் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்றாம் நிலையையோ அதற்கு மேலோ எட்டியவர்கள் பென்சிடமின் குழுவில் 43.6 சதவீதம், எதிர்க்குழுவில் 78.6. மூன்றாம் நிலை என்றால் திட உணவு போய்த் திரவம் மட்டுமே இறங்கும் நிலை. நான்காம் நிலையில் அதுவும் இறங்காது.

இதை வைத்துத்தான் 50 கிரேக்குக் குறைவாகக் கதிர்வீச்சு மட்டும் பெறுகிறவர்களுக்குப் பென்சிடமினைப் பரிந்துரைக்கிறோம் என்று வழிகாட்டி நெறிகள் உறுதியாகச் சொல்கின்றன. கதிர்வீச்சோடு கீமோவும் சேர்ந்து பெறுகிறவர்களுக்கு 2020-இல் சற்றுத் தளர்ந்த குரலில், ‘கொடுக்கலாம்’ என்றார்கள். நம் நோயாளிகளில் பலர் வாரா வாரம் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தோடு 60 கிரேக்கு மேல் பெறுகிறவர்கள். அவர்களுக்கு இதன் பயன் எப்ஸ்டீன் கணக்கில் கண்ட அளவுக்கு இருக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. ஆனாலும் நான் இதைத் தேறியது என்றே எழுதுகிறேன். ஒரு நிபந்தனை உண்டு: புண் வந்த பிறகு தேடி ஓடுகிற மருந்து அல்ல இது. முதல் நாள் கரண்ட்டிலிருந்தே தொடங்க வேண்டும். ஒரு வேளைக்கு 15 மில்லி, நாளுக்குப் பலமுறை. எரிந்தால் சம அளவு தண்ணீர் கலக்கலாம். நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. மூன்றாவது வாரத்தில் வாய் வெந்த பிறகுதான் சீட்டு எழுதப்படுகிறது, அப்போது அது எரிகிறது, இரண்டு நாளில் புட்டி அலமாரிக்குப் போய்விடுகிறது.

தேறாதவற்றில் முதலாவது குளோர்ஹெக்சிடின். ஈறு நோய்க்கு இது அருமையான மருந்து, அதில் சந்தேகமில்லை. கிருமியைக் கொல்லும், ஆனால் இந்தப் புண்ணைத் தொடங்கிவைப்பது கிருமி அல்லவே. தலை, கழுத்துக் கதிர்வீச்சில் புண்ணைத் தடுக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. போதாக்குறைக்குப் பல்லில் பழுப்புக் கறை, நாக்கில் கெட்ட ருசி. ஏற்கெனவே ருசி போய்க்கிடக்கிற வாய்க்கு அது கூடுதல் தண்டனை. வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கும் சுக்ரால்ஃபேட்டும் அப்படித்தான். குடல் புண்மேல் ஒரு பூச்சுபோல ஒட்டிக்கொள்ளும் மருந்து, வாய்ப் புண்மேலும் ஒட்டாதா என்று நம்பிக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை, வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. இன்றும் இரண்டையும் பழக்கதோஷத்தில் எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த இடத்தில் நோயாளியின் வீட்டார் பணிவாகக் கேட்கலாம், “டாக்டர், இது எதுக்குங்க?” என்று.

அமெரிக்காவில் ‘மந்திர வாய்க்கழுவி’ என்று ஒன்றை அழைக்கிறார்கள். மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன், ஒவ்வாமை மருந்தான டைஃபென்ஹைட்ரமின், வயிற்று அமிலத்துக்கான ஆன்டாசிட் மூன்றையும் கலந்தது. மருத்துவமனைக்கு மருத்துவமனை செய்முறை மாறும். இதற்குத் தரமான சோதனை வெகு காலம் நடக்கவே இல்லை. 2019-இல் ஜாமா மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வில் கதிர்வீச்சுப் புண் வலியோடு இருந்த 275 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இந்தக் கலவை, ஒன்றுக்கு டாக்செபின் என்ற மனச்சோர்வு மருந்தைக் கரைத்த வாய்க்கழுவி, ஒன்றுக்கு மருந்தில்லாத திரவம். நான்கு மணி நேரத்து வலியைக் கூட்டிப் பார்த்தால் குறைவு முறையே 11.7, 11.6, 8.7. மருந்து இரண்டும் வென்றது கணக்குப்படி உண்மை. ஆனால் நோயாளி உணரும் அளவுக்கான வித்தியாசம் 3.5 ஆவது இருக்க வேண்டும் என்று அவர்களே முன்கூட்டி வகுத்திருந்தார்கள். கிடைத்தது ஏறத்தாழ 3 மட்டும். டாக்செபின் எடுத்தவர்களுக்குத் தூக்கக் கலக்கமும் எரிச்சலும் கூடுதல்.

இந்த எண்களில் என்னைத் தொட்டது அந்த 8.7 தான். மருந்தே இல்லாத திரவத்தை ஒருமுறை கொப்பளித்ததற்கே வலி அவ்வளவு இறங்கியிருக்கிறது. எல்லாம் அந்தத் திரவத்தால்தான் என்று சொல்லிவிட முடியாது, வலி தானாகவும் ஏறி இறங்கும். என்றாலும் குளிர்ந்த, எரியாத ஒரு திரவம் வெந்த வாயை ஈரமாக்குவதே ஓர் ஆறுதல்தான். மரத்துப்போகச் செய்யும் ஜெல்லை நம் டாக்டர்கள் சாப்பாட்டுக்கு முன் கொடுப்பதுண்டு. கால் மணி நேரம் தாங்கும், அதற்குள் கஞ்சி இறங்கிவிடும் என்ற நம்பிக்கை. அதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. தொண்டையும் சேர்ந்து மரத்துவிட்டால் புரையேறும். சூடு தெரியாது, கன்னத்தைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது. ஆகவே வாயின் முன்பகுதிக்கு மட்டும், பக்கத்தில் ஓர் ஆள் இருக்கும்போது.

மார்ஃபினையும் வாய்க்கழுவியாகப் பயன்படுத்தலாம். அர்ஜென்டினாவில் செர்கியெட்டி குழு 2002-இல் இதைச் சோதித்தது. 26 பேர்தான், சிறிய ஆய்வு. மந்திரக் கலவை கொப்பளித்தவர்களைவிட மார்ஃபின் கொப்பளித்தவர்களுக்குக் கடும் வலி மூன்றரை நாள் முன்னதாகவே அடங்கியது. கதிர்வீச்சும் கீமோவும் சேர்ந்து பெறுகிறவர்களின் வலிக்கு 0.2 சதவீத மார்ஃபின் வாய்க்கழுவியை வழிகாட்டி நெறிகள் இப்போது முன்வைக்கின்றன. நம் ஊரில் சிக்கல் வேறு இடத்தில். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் பல்லாண்டுகள் மார்ஃபினை நோயாளிக்கே எட்டாக்கனியாக்கி வைத்திருந்தது. 2014-இல் அதைத் திருத்தி, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் எளிதாக வாங்கிவைக்க வழிசெய்தார்கள். சட்டம் மாறினாலும் மனம் மாறவில்லை. “மார்ஃபினா? அது கடைசிக் கட்டத்துல இருக்கிறவங்களுக்கு” என்று நோயாளியின் மகனும் சொல்கிறார், சில மருத்துவர்களும் சொல்கிறார்கள். குணமாகக்கூடிய நோயாளிக்கு, ஆறு வாரம் தாக்குப்பிடிக்க மார்ஃபின் தேவைப்படலாம். அதற்குத் தயங்கிச் சிகிச்சையை நிறுத்தினால் அதுதான் கடைசிக் கட்டத்தைக் கொண்டுவரும்.

நம் சமையலறைக்கு வருவோம். தேனை வெறும் பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிட முடியாது. மலேசியாவில் பிஸ்வால் குழு 2003-இல் 40 பேரிடம் சோதித்தது. கதிர்வீச்சுக்கு முன்பும் பின்பும் தேனை வாயில் மெதுவாகப் பரவவிட்டு விழுங்கியவர்களில் கடும் புண் வந்தவர்கள் 20 சதவீதம், மற்றவர்களில் 75. இங்கிலாந்தில் 2012-இல் 131 பேரிடம் நியூசிலாந்தின் மனுக்கா தேனைச் சர்க்கரைப் பாகோடு ஒப்பிட்டபோது எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எல்லாவற்றையும் எடைபோட்டு, தடுப்பதற்குத் தேன் உதவலாம் என்று 2020 நெறிகள் இடமளித்தன. நான் தயக்கத்தோடுதான் ஆமோதிக்கிறேன். உமிழ்நீர் வற்றிய வாயில் இனிப்பு தங்கினால் பல் சொத்தையாகும். கதிர் பட்ட தாடையில் பின்னாளில் பல் பிடுங்குவது எலும்பு அழுகும் ஆபத்தில் கொண்டுபோய் விடும். சர்க்கரை நோயாளிக்குத் தேன் அறவே ஆகாது. இன்னொன்றும் இருக்கிறது. டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 2020-இல் 13 பிராண்டுத் தேன்களைச் சோதித்தபோது எல்லாச் சோதனையிலும் தேறியவை மூன்றே. ஆய்வில் கொடுத்த தேனும் நாம் கடையில் வாங்கும் தேனும் ஒன்றுதானா என்ற கேள்வி எழாமல் இல்லை.

மஞ்சளுக்கும் ஆய்வு உண்டு. மங்களூரில் 80 பேரிடம் நடத்தி 2014-இல் வெளியிட்டார்கள். மஞ்சள் தண்ணீர் கொப்பளித்தவர்களுக்குப் போவிடோன் அயோடின் கிருமிநாசினி கொப்பளித்தவர்களைவிடப் புண் தாமதமாக வந்தது, கடுமையும் எடை இழப்பும் குறைவு. நல்ல அறிகுறிதான். ஆனால் மஞ்சளின் நிறத்தை மறைக்க முடியாது என்பதால், யார் எதைக் கொப்பளிக்கிறார் என்று நோயாளிக்குத் தெரிந்துவிடுகிறது. பெரிய ஆய்வுகள் வரும்வரை நெறிகள் தீர்ப்புச் சொல்லாமல் நிறுத்திவைத்திருக்கின்றன. ஆசைப்படுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சுத்தமான மஞ்சளைக் கரைத்துக் கொப்பளிக்கலாம், உப்பு-சோடாவை விட்டுவிட்டு அல்ல. சோற்றுக் கற்றாழைச் சாறு 58 பேரிடம் 2004-இல் சோதிக்கப்பட்டு, பயன் இல்லை என்று தெரிந்தது.

வாய்க்கழுவி அல்லாத ஒன்றையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. குறைந்த ஆற்றல் லேசர் ஒளியை வாய்க்குள் காட்டும் முறைக்கு இன்று வலுவான ஆதாரம் இருக்கிறது. அதில் பெரிய ஆய்வுகளில் ஒன்று, 221 பேரைக் கொண்டது, நம் நாட்டிலேயே நடத்தி 2012-இல் வெளியிட்டதுதான். கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் தினமும் நேரமும் வேண்டும் என்பதால் நம் அரசு மருத்துவமனைகளுக்கு அது பரவலாக வரவில்லை. வர வேண்டும்.

கொப்பளித்துக்கொண்டே இருந்தும் திடீரென்று எரிச்சல் கூடினால், வழித்தால் உரிந்துவரும் தயிர்த்துளி போன்ற வெள்ளைத் திட்டு தெரிந்தால், அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு, எளிதில் அடங்கும். புண் முற்றிவிட்டது என்று எண்ணிக்கொண்டு நாள்களைக் கடத்தாமல் வாயைக் காட்ட வேண்டும். கூரான பல், கழன்றாடும் பல்செட் எல்லாவற்றையும் கரண்ட் தொடங்கும் முன்பே பல் மருத்துவரிடம் சரிசெய்துகொள்வது பாதி வேலையை முடித்த மாதிரி.

பெரியப்பா 33 கரண்ட்டையும் முடித்தார். நான்கு நாள் மட்டும் இடைவெளி விழுந்தது. அந்த நான்கு நாளும் தவிர்த்திருக்கக்கூடியவை என்று இன்றும் எனக்கு உறுத்துகிறது. கரண்ட் வைக்கும்போது தலை அசையாதிருக்க முகத்துக்கு மாஸ்க் அளவெடுத்த அன்றே அந்தச் செவிலியர் சொன்ன இரண்டு நிமிடப் பாடத்தை யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

கதிர்வீச்சுத் துறையில் வேலைசெய்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் அதுதான். மாஸ்க் செய்யும் அன்றே ஒரு பாட்டிலில் உப்பையும் ஆப்ப சோடாவையும் கலந்து காட்டுங்கள், பென்சிடமினை முதல் நாளிலிருந்தே எழுதுங்கள், வாராவாரம் டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்களே, புதிதாக எந்தப் புட்டி வாங்கினாலும் ஆல்கஹால் இருக்கிறதா என்று லேபிளைப் படியுங்கள். வலி பொறுக்க முடியாத நாள் வந்தால் கரண்ட்டை நிறுத்துவதைப் பற்றிப் பேசாதீர்கள். வலி மருந்தைக் கூட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள்.